விட்ட ஆட்டத்தின் முடிவு

மூன்றுக்கு ஒன்பது. வாலரன்ட் என்ற கணினி ஆட்டத்தை ஆடுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைப் பார்த்தாலே வயிற்றில் ஏதோ புரளும். சென்னையில் பட்டினப்பாக்கம், மந்தைவெளிப் பக்கத்துக் கேமிங் சென்டர் ஒன்றில் சாயங்காலம் எட்டிப் பாருங்கள். வரிசையாக ஐந்து சிஸ்டம், ஐந்து பையன்கள், காதில் ஹெட்செட், மேசை ஓரத்தில் பாதி குடித்த ரோஸ்மில்க் பாட்டில். முதல் பாதி முடிந்திருக்கிறது. "மச்சி, எஃப்எஃப் போட்டுரலாம்டா" என்கிறான் ஒருவன். "இருடா, சைடு மாறட்டும்" என்கிறான் இன்னொருவன். மூன்றாமவன் வாயே திறக்காமல் போனை எடுத்து நோண்ட ஆரம்பிக்கிறான். அவன் ஓட்டு எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

எஃப்எஃப் போட்டு ஆட்டத்தை இப்போதே விட்டுக்கொடுப்பதா, கடைசிவரை ஆடுவதா என்பது பொழுதுபோக்குக்காரர்களின் சண்டை என்று பெரியவர்கள் நினைக்கலாம். மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களும் உட்கார்ந்து யோசித்த கேள்வி இது. அவர்கள் கண்டுபிடித்ததில் முக்கியமான ஒன்று இந்த ஐந்து பையன்களுக்கு உடனே பயன்படும்.

முதலில் கணக்கைப் போட்டுவிடலாம். வாலரன்ட்டில் அணிக்கு ஐந்து பேர். முதலில் 13 சுற்று வெல்லும் அணிக்கு ஆட்டம். 12 சுற்று முடிந்ததும் தாக்கிய அணி தடுக்கப் போகும், தடுத்த அணி தாக்க வரும். 12-12 என்று நின்றால் ஓவர்டைம். அப்படியானால் 3-9 என்று பின்தங்கிய அணி, மிச்சமுள்ள 12 சுற்றில் 10 வென்றால் ஜெயிக்கும். சரியாக 9 வென்றால் ஓவர்டைம். அதற்குக் குறைந்தால் தோல்வி. ஒவ்வொரு சுற்றும் நாணயம் சுண்டுவதுபோல் சரிபாதி வாய்ப்புள்ளது என்று வைத்துக்கொண்டால், 10 அல்லது அதற்கு மேல் வெல்லும் வாய்ப்பு 1.9 சதவீதம். ஓவர்டைமுக்குப் போகும் வாய்ப்பு 5.4 சதவீதம், அதில் பாதி நமக்கு. மொத்தம் 4.6 சதவீதம். சுமார் இருபத்திரண்டு ஆட்டத்துக்கு ஒன்று.

ஆனால் சுற்றுகள் சரிபாதி வாய்ப்புள்ளவை என்று யார் சொன்னது? சில மேப்களில் தடுக்கும் அணிக்குச் சாதகம் அதிகம். முதல் பாதியில் நீங்கள் கடினமான பக்கத்தில் இருந்திருந்தால், 3-9 என்பது உங்கள் திறமையோடு அந்தப் பக்கத்தின் கஷ்டத்தையும் சேர்த்தே காட்டுகிறது. பாதி மாறும்போது, ஆயுதம் வாங்க இரு அணிகளிடமும் இருக்கும் ஆட்டப் பணம் பழைய தொடக்கத் தொகைக்கே திரும்பிவிடும். இரண்டு பக்கமும் மறுபடி பிஸ்டல் ரவுண்டில் இருந்து தொடங்க வேண்டும். "சைடு மாறட்டும்" என்ற பையன் சொன்னது இதைத்தான். இரண்டாம் பாதியில் ஒவ்வொரு சுற்றையும் வெல்லும் வாய்ப்பு உங்களுக்கு 60 சதவீதம் என்று வைத்துப் போட்டுப் பாருங்கள். ஆட்டத்தை வெல்லும் வாய்ப்பு 15 சதவீதத்துக்கு ஏறிவிடும். நாற்பதே சதவீதம்தான் என்றால் ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விடும். 9-3 என்று முன்னிலையில் இருக்கிற அணி கவிழ்ந்துபோவதற்கு வாலரன்ட் ஆட்டக்காரர்களிடையே 'நைன்-த்ரீ கர்ஸ்' என்று பெயரே இருக்கிறது. அதில் சாபம் எதுவும் இல்லை. பக்கம் மாறியதும், பணம் சமமானதும் செய்கிற வேலை.

ஆக, ஒரே 3-9 நிலைக்கு ஒரு சதவீதம் என்றும் சொல்லலாம், பதினைந்து என்றும் சொல்லலாம். எந்தச் சதவீதத்துக்குக் கீழே போனால் விட்டுவிடுவது புத்திசாலித்தனம்?

நம் வீடுகளில் மூன்று தலைமுறையாக இந்தக் கேள்விக்கு விடை சொல்லிவருகிற ஆட்டம் ரம்மி. கை மோசமாக வந்தால் முதலிலேயே ஸ்கூட் விடலாம். 20 புள்ளியோடு போகும். நாலு சீட்டு எடுத்துப் பார்த்துவிட்டு மிடில் ஸ்கூட் விட்டால் 40. கடைசிவரை ஆடி மாட்டிக்கொண்டால் ஃபுல், 80. ஜோக்கர் இல்லை, சீக்வன்ஸுக்கு வழி இல்லை, ஏழு படச் சீட்டு என்று கையில் வந்ததும் பாட்டி யோசிக்காமல் சீட்டைக் கவிழ்த்துவிடுவார். அவர் மனதில் ஓடும் கணக்கு இதுதான்: ஆடினால் தோற்கும்போது சராசரியாக 50 புள்ளி போகும் என்றால், ஜெயிக்கும் வாய்ப்பு 60 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் 20ஐக் கொடுக்காமல் ஆடுவதில் அர்த்தம் உண்டு. ரம்மியில் சீக்கிரம் விடுவதற்குச் சலுகை இருக்கிறது. 80க்குப் பதில் 20 என்பது பெரிய தள்ளுபடி.

கணினி ஆட்டத்தில் அந்தத் தள்ளுபடி கிடையாது. இதைத்தான் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. எஃப்எஃப் போட்டாலும் தோல்வி தோல்விதான். ரேங்க் புள்ளி முழுதாகப் போகும். வாலரன்ட்டில் ஆடாமல் விட்ட சுற்றுகளையும் எதிரணி வென்றதாகவே எழுதிவிடுவார்கள். திரும்பக் கிடைப்பது நேரம் மட்டும்.

அந்த நேரத்துக்கு என்ன மதிப்பு? ஒரு வெற்றிக்கு 20 புள்ளி கூடுகிறது, தோல்விக்கு 20 குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். தன் தகுதிக்கேற்ற ரேங்கில் இருக்கிற ஒருவர் புதிதாகத் தொடங்கும் ஆட்டத்தில் பாதிக்குப் பாதி ஜெயிப்பார். அதாவது ஒரு புதிய ஆட்டத்தில் அவருக்குக் கிடைக்கக்கூடிய சராசரி லாபம் பூஜ்யம். மிச்சமான இருபது நிமிடத்தைப் புது ஆட்டத்தில் போட்டால் புள்ளிக் கணக்கில் எதுவும் வராது. கையில் உள்ள ஆட்டத்தை ஜெயிக்கும் வாய்ப்பு இரண்டு சதவீதமே என்றாலும் அது பூஜ்யத்தைவிட அதிகம். ஆகவே ரேங்க் ஏறுவதுதான் குறி என்றால், அவர் எஃப்எஃப் போடுவதற்குக் காரணமே இல்லை.

சரி, அவர் ஏறிக்கொண்டிருக்கிற ஆட்டக்காரர், நூற்றுக்கு 55 ஜெயிக்கிறார் என்று வைப்போம். ஒரு ஆட்டத்துக்கு அவருடைய சராசரி லாபம் 2 புள்ளி. ஆட்டம் 40 நிமிடம் என்றால், மிச்சமாகும் 20 நிமிடத்தின் விலை 1 புள்ளி. தோல்வியை வெற்றியாக்கினால் கிடைக்கும் வித்தியாசம் 40 புள்ளி. நாற்பதில் ஒன்று, அதாவது 2.5 சதவீதம். வாய்ப்பு அதற்குக் கீழே போனால் மட்டுமே அவர் விடலாம். "டைம் வேஸ்ட், அடுத்த கேம் போலாம்" என்று அவசரப்படுகிறவர் பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு மேலேயே நின்றுகொண்டு விடுகிறார்.

மணிக்கணக்கில் காசு கட்டி ஆடும் சென்டர்களில் இன்னொரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டிய நேரத்தில் இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி. ஆட்டத்தை விட்டுவிட்டால் அதற்குள் இன்னொரு ரேங்க் ஆட்டம் முழுதாக முடியாது. பாதியில் எழுந்து போனால் தண்டனை. மிச்சம் பிடித்த நேரம் யூடியூப் பார்ப்பதில்தான் போகும்.

கணக்குக்குள் அடங்காத காரணங்களும் உண்டு. தொடர்ந்து அடி வாங்கினால் மனசு டில்ட் ஆகி அடுத்த ஆட்டமும் கெடும். அந்தச் சேதம் அடுத்த ஆட்டத்தின் வெற்றி வாய்ப்பை 50லிருந்து 45க்கு இறக்குமானால் அதன் விலை 2 புள்ளி. கோடு இன்னும் 5 சதவீதம் மேலே ஏறும். அப்போது விடுவதில் நியாயம் இருக்கிறது. அணியில் ஒருவன் மைக்கில் இன்னொருவனின் அம்மாவை இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தால் புள்ளியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஒரு சிறுவன் இருபது நிமிடம் வசவு கேட்டுக்கொண்டு உட்காருவதற்கு எந்த ரேங்கும் ஈடல்ல. உடனே விட்டுவிட்டு வெளியே வரச் சொல்ல வேண்டும்.

அந்த மாதிரிக் காரணம் எதுவும் இல்லாதபோது எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கிறது. நம் வாய்ப்பு 2.5 சதவீதத்துக்குக் கீழேயா, மேலேயா? இதை எப்படித் தெரிந்துகொள்வது?

அனுபவம் சொல்லும் என்பார்கள். சொல்லாது. நூறு முறை 3-9இல் எஃப்எஃப் போட்ட ஒருவருக்கு 3-9ஐப் பற்றி எந்த அனுபவமும் இல்லை. அந்த நூறு ஆட்டமும் எப்படி முடிந்திருக்கும் என்பதற்குச் சாட்சியே கிடையாது. சாட்சியை அவரே அழித்துவிட்டார். அவர் நினைவில் இருப்பது நூறு தோல்வி. "3-9 வந்தா முடிஞ்சுது மச்சி, எனக்குத் தெரியும்" என்று அவர் உறுதியாகச் சொல்வார். அந்த உறுதி அவருடைய பழக்கத்திலிருந்தே பிறந்தது.

இந்த ஓட்டையை மிக நன்றாகப் புரிந்துகொண்ட ஒருவர் தமிழ்நாட்டு மண்ணில் இறந்தார். ஏபிரகாம் வால்ட், 1902இல் அன்றைய ஹங்கேரியில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பி அமெரிக்கா போய், இரண்டாம் உலகப்போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ராணுவத்துக்காக இயங்கிய புள்ளியியல் குழுவில் வேலை பார்த்தார். குண்டு துளைத்துத் திரும்பிவந்த போர் விமானங்களை வைத்து, விமானத்தின் எந்தப் பாகத்துக்குக் கவசம் வேண்டும் என்று முடிவு செய்வது அங்கே வந்த கேள்விகளில் ஒன்று. ஓட்டை அதிகம் இருந்த இடத்துக்குக் கவசம் போடத்தான் யாருக்கும் தோன்றும். வால்ட்டின் கணக்கு வேறு மாதிரி போனது. கைக்குக் கிடைத்திருப்பவை திரும்பிவந்தவை மட்டும். எந்த இடத்தில் அடிபட்ட விமானங்கள் திரும்பவே இல்லையோ அந்த இடத்தின் ஓட்டைகளை யாரும் பார்க்கவில்லை. இன்ஜினில் ஓட்டை குறைவாகத் தெரிகிறது என்றால், இன்ஜினில் அடிபட்டவை கடலில் கிடக்கின்றன.

1950இல் இந்திய அரசின் அழைப்பில் அவர் இங்கே சொற்பொழிவுப் பயணம் வந்தார். அந்த டிசம்பர் 13ஆம் தேதி அவரும் மனைவியும் சென்ற விமானம் நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. கோத்தகிரிப் பக்கம் மலையேறப் போகிற நம் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஆசை. உலகத்தின் மருந்துச் சோதனைகளில் பலவும் அவர் போட்ட வழியில்தான் இன்றும் நடக்கின்றன. அவருடைய இன்னொரு பெரிய வேலை அது. கடைசியில் அதற்கு வருகிறேன்.

விட்டுக்கொடுத்த ஆட்டங்கள் திரும்பிவராத விமானங்கள். அவற்றைத் திரும்ப வரவழைக்க ஒரு வழி உண்டு என்பதை 2017இல் லண்டனில் ஒரு குழு செய்து காட்டியது.

2016 மார்ச்சில் ஆல்ஃபாகோ என்ற நிரல் தென்கொரியாவின் லீ செடோலை 'கோ' ஆட்டத்தில் 4-1 என்று வென்றது பலருக்கு நினைவிருக்கும். நாலாவது ஆட்டத்தில் லீ வைத்த 78ஆவது காய் நிரலைக் குழப்பியது; 180 காய்களுக்குப் பிறகு ஆல்ஃபாகோ தானே ஆட்டத்தை விட்டுக்கொடுத்தது. எந்திரத்துக்கும் எஃப்எஃப் உண்டு. வெற்றி வாய்ப்பு ஒரு எல்லைக்குக் கீழே இறங்கினால் விட்டுவிடும்படி அதற்குச் சொல்லியிருந்தார்கள்.

அடுத்து வந்த ஆல்ஃபாகோ ஜீரோ மனிதர்களின் ஆட்டங்களைப் பார்க்காமல் தனக்குத் தானே ஆடிக் கற்றது. லட்சக்கணக்கான ஆட்டங்கள். எல்லாவற்றையும் கடைசிக் காய்வரை ஆடினால் கணினி நேரம் வீணாகும். ஆகவே நம்பிக்கை போன ஆட்டங்களைச் சீக்கிரம் விட வேண்டும். ஆனால் எந்த எல்லையில் விடுவது? சீக்கிரம் விட்டால் ஜெயித்திருக்கக்கூடிய ஆட்டமும் தோல்வி என்று பதிவாகி, நிரல் தவறான பாடம் கற்கும். அந்த லண்டன் குழுவான டீப்மைண்ட் செய்தது இது: பத்தில் ஒரு பங்கு ஆட்டங்களில் விட்டுக்கொடுக்கும் வசதியையே எடுத்துவிட்டார்கள். அவற்றை எப்பாடுபட்டாவது கடைசிவரை ஆடியாக வேண்டும். அப்படி ஆடிய ஆட்டங்களில், 'இந்நேரம் விட்டிருப்போம்' என்ற நிலைக்கு வந்தும் பிறகு ஜெயித்தவை எத்தனை என்று எண்ணினார்கள். அந்த எண்ணிக்கை 5 சதவீதத்தைத் தாண்டாதபடி எல்லையை அவ்வப்போது நகர்த்தினார்கள்.

எளிமையான யோசனைதான். ஆனால் இதற்குள் இருக்கிற நேர்மை எனக்கு மிகவும் பிடித்தது. உலகத்திலேயே சிறந்த கோ ஆட்டக்காரன்கூட, தான் தோற்றுவிட்டேன் என்ற தன் தீர்ப்பை நம்பாமல், அதைச் சோதித்துப் பார்க்கத் தன் நேரத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுக்கிறான். எந்த ஆட்டம் அந்தப் பத்தில் ஒன்று என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டும். நமக்கு நம்பிக்கை தோன்றுகிற ஆட்டங்களாகப் பார்த்து ஆடினால் கணக்கு கோணிவிடும். சென்டரில் ஒருவன் ஓட்டுப் போட மறுத்ததால் தொடர்ந்து ஆடிய ஆட்டங்களை மட்டும் எண்ணினாலும் அதே கோணல். அவன் மறுத்ததே ஏதோ வழி தெரிந்ததால் இருக்கலாம்.

ஆட்ட நிறுவனங்கள் வைத்திருக்கிற கோடிக்கணக்கான பதிவுகளைப் பார்த்தால் விடை கிடைக்காதா என்று கேட்கலாம். அந்தப் பதிவுகளிலும் இதே கறை ஒட்டியிருக்கிறது. பின்தங்கிய அணிகள் தோற்கின்றன என்று அவை காட்டும். அதில் எத்தனை அணிகள் உண்மையில் தோற்கடிக்கப்பட்டன, எத்தனை தாமே விட்டுவிட்டன என்று பிரிக்காமல் பார்த்தால், எஃப்எஃப் போடுகிற பழக்கமே எஃப்எஃப் போடுவதற்கான காரணமாக வந்து நிற்கும். கிரிக்கெட்டில் டிவியில் காட்டும் வெற்றி வாய்ப்புச் சதவீதத்துக்கு ஓரளவு நம்பகம் இருப்பதற்கு ஒரு காரணம், அங்கே நம்பிக்கை போனதற்காக யாரும் ஆட்டத்தை விடுவதில்லை. 1978இல் சாஹிவாலில் பிஷன் சிங் பேடி ஒருநாள் ஆட்டத்தை விட்டுக்கொடுத்தார்; அது பவுன்சர்களுக்கு எதிர்ப்பு. 1999 ஜனவரியில் இதே கடற்கரையோரம் வடக்கே சேப்பாக்கத்தில், பாகிஸ்தானுக்கு எதிராக 271 இலக்கைத் துரத்திய இந்தியா 82க்கு 5 விக்கெட் இழந்து நின்றது. விடும் வசதி இருந்திருந்தால் அரங்கில் பாதிப் பேர் அப்போதே ஓட்டுப் போட்டிருப்பார்கள். டெண்டுல்கர் முதுகுவலியோடு 136 அடித்து, வெற்றிக்கு 17 ரன் இருக்கும்வரை கொண்டுபோனார். அதன் பிறகு வெற்றி நிச்சயம் என்று நினைத்தவர்களும் ஏமாந்தார்கள். நாலு ரன்னுக்குள் மிச்ச விக்கெட்டுகள் விழுந்து 12 ரன்னில் தோல்வி. இரண்டு திசையிலும் நம் ஊகம் எவ்வளவு தப்பும் என்பது பதிவில் இருக்கிறது. ஆட்டம் முழுதாக ஆடப்பட்டதால்.

இந்தக் கறை உயிரையும் தொடும். மூளைக்குள் ரத்தம் கசிந்து மருத்துவமனைக்கு வருகிறவர்களில் சிலருக்கு 'இனிப் பயனில்லை' என்று முதல் நாளிலேயே தீவிர சிகிச்சையைக் குறைத்துவிடுவது உண்டு. அவர்கள் இறக்கிறார்கள். அந்த இறப்புகள் புள்ளிவிவரத்தில் சேர்கின்றன. அடுத்து அதே நிலையில் வருகிறவருக்கு அந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டிப் பயனில்லை என்கிறார்கள். இந்தச் சுழலை நரம்பியல் மருத்துவர்கள் கண்டுகொண்ட பிறகு, அமெரிக்க இதய, பக்கவாதச் சங்கங்களின் வழிகாட்டி ஒரு பரிந்துரையைச் சேர்த்தது: உயிர்ப்பிக்கும் முயற்சி வேண்டாம் என்ற முடிவை, நோயாளி முன்பே அப்படிச் சொல்லியிராவிட்டால், சேர்க்கப்பட்ட இரண்டாவது முழு நாள்வரையாவது தள்ளிப்போடுங்கள். லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தில் நெடுங்காலம் 20 நிமிடம் ஆவதற்கு முன் விட்டுக்கொடுக்கவே முடியாது என்று விதி இருந்ததன் உள்ளே இருப்பதும் இந்த அறிவுதான். தொடக்கத்தில் நாம் செய்யும் ஊகம் மோசமானது. அதை வைத்துத் திரும்ப முடியாத முடிவை எடுக்கக் கூடாது.

ஐந்து பேர் சேர்ந்து எடுக்கும் முடிவு என்பது இன்னொரு சிக்கல். லீக்கில் பிற்பாடு 15 நிமிடத்தில் விடவும் வழி வந்தது. ஆனால் ஐவரும் ஒப்புக்கொள்ள வேண்டும். 20 நிமிடத்துக்கு மேல் என்றால் நாலு பேர் போதும். ஒவ்வொருவரும் 'ஆட்டம் போச்சு' என்று தப்பாக நினைக்கும் வாய்ப்பு 40 சதவீதம் என்று கொள்ளுங்கள். தனித்தனியாக யோசித்தால், நாலு பேராவது சேர்ந்து தப்பாக நினைக்கும் வாய்ப்பு 9 சதவீதத்துக்கும் கீழே. ஐவருமே என்றால் ஒரு சதவீதம். பிரெஞ்சு அறிஞர் கொண்டோர்செ 1785இல் நடுவர் குழுக்களை வைத்துச் சொன்ன கணிதம் இது. இதற்கு ஒரே நிபந்தனை, ஒவ்வொருவரும் தனியாக யோசிக்க வேண்டும். போனை எடுத்து நோண்டிய அந்த மூன்றாமவன் அந்த நிபந்தனையை உடைத்துவிட்டான். அவன் கை மவுஸில் இல்லை என்பதைப் பார்த்ததும் மற்றவர்களின் வாய்ப்பும் உண்மையாகவே குறைகிறது. வாய்விட்டுக் கேட்கப்படும் எஃப்எஃப், வாய்ப்பை அளக்கும்போதே அதைத் தின்றுவிடுகிறது. நாலாவது முறை கேட்கும்போது ஆட்டம் நிஜமாகவே போயிருக்கும்.

சதுரங்க ஒலிம்பியாடில் இதற்கு அழகான ஏற்பாடு இருக்கிறது. அணித்தலைவர் ஒரு வீரரிடம் டிரா கேள், டிராவை ஏற்றுக்கொள், ஆட்டத்தை விடு என்று சொல்லலாம். ஆனால் பலகையில் இருக்கும் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. அணியின் கணக்கு தலைவர் கையில், பலகையின் உண்மை வீரர் கையில். ஒன்று மற்றதை அமுக்கிவிடாது. 2022 ஆகஸ்ட் 8, மாமல்லபுரம், பத்தாவது சுற்று. பட்டினப்பாக்கத்திலிருந்து கடலை ஒட்டியே தெற்கே போனால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அந்த அரங்கம். ஆர்.பி.ரமேஷ் பயிற்சி அளித்த இளம் இந்திய 'பி' அணியும் உஸ்பெகிஸ்தானும் மோதின. மூன்றாம் பலகையில் பிரக்ஞானந்தா சிந்தாரோவை வென்றார். முதல் பலகையில் குகேஷ், அப்துசத்தோரோவுக்கு எதிராக வெற்றி நிலையில் இருந்தார். எதிரில் இருந்தவர் விடவில்லை. காய்களை நகர்த்திக்கொண்டே இருந்தார், கடிகாரம் ஓடியது, குகேஷ் நேர நெருக்கடியில் தப்புச் செய்தார், தோற்றார். 3-1 ஆகியிருக்க வேண்டியது 2-2 ஆனது. மறுநாள் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம், இந்தியா 'பி'க்கு வெண்கலம். பதினாறு வயதுப் பையன் தலையைக் கவிழ்த்து அந்த மேசையிலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்குத் தாங்கவில்லை. அப்துசத்தோரோவின் பொறுமைக்குத் தங்கம் தகும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கடிகாரம் இருக்கிற ஆட்டத்தில் எதிராளியின் களைப்பும் பலகையில் இருக்கிற ஒரு காய்.

எதிர்த் திசையில் 1997 மே மாதம் நியூயார்க்கில் நடந்தது. டீப் புளூ கணினிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தைக் காஸ்பரோவ் விட்டுக்கொடுத்தார். தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது என்று மறுநாள் அவருடைய குழுவினர் சொன்னார்கள். கணினி தப்பு விடாது என்று நம்பியவர், அந்த வழி இருக்கிறதா என்று தேடவே இல்லை.

இனி வால்ட்டின் அந்த இன்னொரு வேலை. போரின்போது தளவாடங்களைச் சோதிக்க எத்தனை மாதிரி எடுக்க வேண்டும் என்பது ராணுவத்தின் கவலை. முன்கூட்டியே ஒரு எண்ணை வைத்துக்கொள்ளாதே, ஒவ்வொரு மாதிரிக்குப் பிறகும் சாட்சியை எடை போடு என்றார் வால்ட். எடை மேல் கோட்டைத் தாண்டினால் ஒரு முடிவு, கீழ்க் கோட்டைத் தாண்டினால் மறு முடிவு, நடுவில் இருந்தால் இன்னும் ஒன்று எடு. 1947இல் இது புத்தகமாக வந்தது. ஒரு மருந்து வேலை செய்யவில்லை என்று தெரிந்தவுடன் சோதனையை நிறுத்தி நோயாளிகளைக் காப்பாற்றுவது இந்த வழியில் வந்ததுதான்.

அதை நம் ஐந்து பேருக்குப் போட்டுத் தருகிறேன். ஒரே செட்டாக ஆடுகிற நண்பர்கள் என்றால் இது நன்றாக ஓடும். இரண்டு ஊகங்கள்: 3-9இலிருந்து நாம் ஜெயிக்கும் வாய்ப்பு 2.5 சதவீதமே, அல்லது 15 சதவீதம். எப்போதெல்லாம் 3-9 வருகிறதோ அப்போது நாணயத்தைச் சுண்டுங்கள். தலை விழுந்தால் எஃப்எஃப் பற்றிப் பேச்சே எடுக்காமல் கடைசிவரை ஆட வேண்டும். பூ விழுந்தால் உங்கள் இஷ்டம். அந்த ஆட்டத்தை எண்ண வேண்டாம். தலை விழுந்து ஆடியவற்றை மட்டும் எழுதுங்கள். 1 என்ற எடையில் தொடங்கி, ஜெயித்தால் 6ஆல் பெருக்குங்கள், தோற்றால் 0.87ஆல் பெருக்குங்கள். எடை 19ஐத் தாண்டினால் 15 சதவீதம் என்ற ஊகம் நிற்கும். 19இல் ஒரு பங்குக்குக் கீழே போனால் 2.5 சதவீதம் என்பது நிற்கும். தப்பும் வாய்ப்பு இரண்டு பக்கமும் சுமார் இருபதில் ஒன்று.

இதைப் போட்டுப் பார்த்தால் கிடைக்கும் எண்கள் இவை. முதல் ஆறு ஆட்டங்களுக்குள் இரண்டு ஜெயித்தால் சோதனை முடிந்தது. 3-9இல் இனி விடக் கூடாது. அப்படி அமையாமல் நீண்டால், மூன்றாவது வெற்றி இருபதாவது ஆட்டத்துக்குள் வந்தாலும் அதே முடிவு. ஒன்றுகூட ஜெயிக்காமல் தொடர்ந்து 22 தோற்றால், தாராளமாக எஃப்எஃப் போடலாம்; உங்கள் அணி, உங்கள் ஆட்ட முறை, உங்கள் மேப்களுக்கு அதுதான் சரி. இதைவிடக் கடுமையாக, வாய்ப்பு 2.5 சதவீதத்துக்குக் கீழேதான் என்று நேரடியாக நிறுவ வேண்டுமானால் 120 ஆட்டம் வரிசையாகத் தோற்க வேண்டும். n முறையில் ஒரு வெற்றியும் இல்லை என்றால் உண்மையான வாய்ப்பு அதிகபட்சம் 3/n இருக்கலாம் என்பது புள்ளியியலில் மூன்றின் விதி.

சுண்டுவது யார், எழுதுவது யார் என்பதை ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். 3-9 ஆன பிறகு பேசினால், தலை விழுந்தபின் "இது மட்டும் வேணாம்டா, அடுத்ததுலேர்ந்து" என்று ஒருவன் சொல்வான். அந்த ஒரு ஆட்டத்தைக் கழித்துவிட்டால் மிச்சப் பட்டியலுக்கு மதிப்பு இல்லை.